சத்தம் அடங்கினாலும் பாறை அடங்காது!

பூமிக்குள் வெடி வெடித்தால் என்ன நடக்கிறது?
பல்லாவரம் குவாரி முதல் பொக்ரான் பாலைவனம் வரை...

சிவப்புக் கொடி ஏறியாகி விட்டது. விசில் ஊதியாகி விட்டது. "வெடி...! வெடி...!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஒருவர் ஓடி வருகிறார். லாரிகள் தூரத்தில் ஒதுங்கி நிற்கின்றன. ஆடு மேய்க்கிற பையனையும் ஆடுகளோடு சேர்த்து விரட்டி விட்டார்கள்.

"டமார்!"

தரை ஒரு குலுக்குக் குலுங்குகிறது. புழுதி எழும்பி மறைக்கிறது. சின்னச் சின்னக் கற்கள் சடசட என்று விழுகின்றன. பிறகு ஒரே அமைதி.

"அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. வாங்க போய்ப் பார்க்கலாம்" என்று தோன்றும்.

அங்கேதான் எமன் உட்கார்ந்து இருக்கிறான். முடிந்தது சத்தம் மட்டும்தான். பாறை தன் வேலையை இன்னும் முடிக்கவில்லை!

பல்லாவரம், திரிசூலம், பம்மல் பக்கம் ஒரு காலத்தில் இது தினசரிக் காட்சி. இப்போது அங்கே பழைய குவாரிகள் தண்ணீர் தேங்கிய பள்ளங்களாகக் கிடக்கின்றன. ஆனால் காஞ்சீபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இன்றும் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். சென்னையில் மாடி மேல் மாடி எழும்புகிறதே, அத்தனைக்கும் ஜல்லி வேண்டும். ரெயில் தண்டவாளத்துக்கு அடியில் கொட்டவும் கருங்கல் வேண்டும்.

அந்தக் கல் எப்படி உடைகிறது? "மருந்து வெச்சா உடையாதா?" என்று கேட்காதீர்கள். கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

கல்லறைக் கல்

முதலில் நம் ஊர்ப் பாறையைப் பற்றி ஒரு வார்த்தை.

பரங்கிமலை, பல்லாவரம், திரிசூலம் மலைகளில் இருப்பது சாதாரணக் கல் அல்ல. உலகம் முழுவதும் நிலவியல் படிக்கிற மாணவர்களுக்கு அதன் பெயர் தெரியும். "சார்னோகைட்" என்று பெயர்.

கல்கத்தா நகரத்தை உண்டாக்கியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறை கல்கத்தாவில் இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்தில் இருந்து போனது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893-ம் ஆண்டில் இந்தப் பாறைக்குப் பெயர் வைத்தபோது, கல்லறைக்கு உள்ளே இருப்பவர் பெயரையே வைத்து விட்டார்!

பூமியின் அடி ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய கல் இது. சம்மட்டியால் அடித்தால் கை வலிக்கும். கல் சிரிக்கும்.

சாக்பீஸ் பாடம்

இவ்வளவு கெட்டியான கல்லுக்கும் ஒரு பலவீனம் உண்டு.

பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் எடுத்து விளையாடி இருப்பீர்கள். அதை நெட்டுக்கு நிறுத்தி மேலே இருந்து அமுக்குங்கள். சுலபத்தில் உடையாது. அதையே இரண்டு பக்கமும் பிடித்து வளைத்தால் "படக்" என்று போய்விடும். வளைக்கும்போது ஒரு பக்கம் இழுபடுகிறது. அந்த இழுபட்ட பக்கத்தில்தான் முதலில் விரிசல் விழுகிறது.

கருங்கல்லுக்கும் இதே கதைதான். நல்ல கருங்கல் ஒரு சதுர சென்டி மீட்டரில் ஆயிரம் கிலோ எடைக்கு மேல் ஏற்றினாலும் தாங்கும். ஆனால் இழுத்தால்? அதில் பத்தில் ஒரு பங்கைத் தாங்குவதே பெரிய விஷயம்.

அமுக்கினால் ராட்சதன். இழுத்தால் நோஞ்சான்!

வெடி வைக்கிறவரின் தொழில் ரகசியம் இதில்தான் அடங்கி இருக்கிறது. மருந்து பாறையை அடித்து உடைப்பது கொஞ்சம்தான். பாறையைத் தன்னைத் தானே இழுத்துப் பிளந்துகொள்ளச் செய்வதுதான் பெரும் பகுதி.

கண் சிமிட்டும் முன்னே

கம்ப்ரசர் வண்டியை வைத்துப் பாறையில் குழி போடுகிறார்கள். சிறிய வேலைக்குக் குழியின் குறுக்களவு ஒன்றேகால் அங்குலம்தான் இருக்கும். அதற்குள் மருந்து போகிறது. வாயில் மண் போட்டுக் கெட்டித்து அடைக்கிறார்கள்.

ஏன் அடைக்க வேண்டும்? தீபாவளிப் புஸ்வாணத்தை நினைத்துப் பாருங்கள். வாய் திறந்து இருப்பதால் மருந்து எல்லாம் மேலே பூவாகப் போய்விடுகிறது. வாய் அடைக்காத வெடியும் அப்படித்தான். சத்தம் ஊரைக் கூட்டும். கல் அசையாது.

சரி, வெடித்தாகி விட்டது. குழிக்குள் என்ன நடக்கிறது?

மருந்து எரியவில்லை. எரிவதற்கு நேரம் ஏது? வினாடிக்கு 4 ஆயிரம், 5 ஆயிரம் மீட்டர் வேகத்தில் அது வெடித்துக்கொண்டே போகிறது. ஒரு கிலோ மருந்து கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டர் அளவு வாயுவாக மாறிவிடுகிறது. அதுவும் கொதிக்கிற வாயு. இருக்கிற இடமோ விரல் நுழைகிற பொந்து!

நாம் சுவாசிக்கிற காற்றின் அழுத்தத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு அழுத்தம் குழிச் சுவரில் மோதுகிறது. இங்கே மட்டும்தான் பாறை அமுக்கப்பட்டு உடைகிறது. அப்பளம் போல் நொறுங்கி மாவாகிறது. ஆனால் அந்த மாவு அதிக தூரம் போகாது. குழியின் அகலத்தைப் போல் 2 மடங்கு, 3 மடங்கு, அவ்வளவுதான்.

கைகோத்த பிள்ளைகள்

அதற்கு வெளியே நடப்பது வேறு.

பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் பட்டாசு போடுகிறார். எல்லோரும் பயந்து பின்னால் ஓர் அடி வைக்கிறார்கள். வட்டம் பெரிசாகிறது. கைகள் இழுபடுகின்றன. எங்கேயோ ஓர் இடத்தில் பிடி விட்டுப் போகிறது.

பாறையும் அப்படித்தான். அதிர்ச்சி அலை பாறையை வெளிப் பக்கமாகத் தள்ளுகிறது. குழியைச் சுற்றி உள்ள வட்டம் விரிகிறது. வட்டம் விரியும்போது கல் இழுபடுகிறது. நோஞ்சான் அல்லவா? பிளந்து விடுகிறது. சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல நாலா பக்கமும் விரிசல்கள் கிளம்புகின்றன. அங்குலக் கணக்கில் உள்ள குழியில் இருந்து 2 அடி, 3 அடி தூரத்துக்கு அவை ஓடும்.

கேரம் காய்

அலை அங்கேயும் நிற்பது இல்லை. கெட்டியான கருங்கல்லுக்குள் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 5 கிலோ மீட்டர். பல்லாவரத்தில் புறப்பட்டால் கிண்டிக்கு வர 2 வினாடி கூட ஆகாது!

அந்த அலை பாறையின் வெளி முகத்துக்கு வந்து சேர்கிறது. அதற்கு அப்பால் வெறும் காற்று. மேலே தள்ளுவதற்குக் கல் இல்லை.

கேரம் போர்டில் 5 காய்களை ஒன்றை ஒன்று தொடும்படி வரிசையாக வையுங்கள். ஒரு முனையில் ஸ்டிரைக்கரால் அடியுங்கள். நடுக் காய்கள் அசையாது. கடைசிக் காய் மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடும். பின்னால் தள்ளுகிறார்கள், முன்னால் தடுப்பார் யாரும் இல்லை!

பாறையின் வெளித் தோலும் அந்தக் கடைசிக் காய் மாதிரி கிளம்பப் பார்க்கிறது. பின்னால் உள்ள கல்லோ விட மறுக்கிறது. அமுக்கமாக வந்த அலை இழுப்பாக மாறித் திரும்புகிறது. விளைவு? வெளி முகத்தில் இருந்து பாறை ஏடு ஏடாகப் பெயர்கிறது.

இதற்குள் வாயு வந்து சேர்கிறது. விரிசல்களுக்குள் புகுந்து, ஆப்பு அடித்ததுபோல் அகலப்படுத்தி, மொத்தப் பாறையையும் முன்னால் தள்ளிக் கொட்டுகிறது.

அதனால்தான் பாறைக்கு ஒரு "வாசல்" வேண்டும் என்பார்கள். கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முதலில் நடுவில் வெடித்து ஒரு பள்ளம் எடுக்க வேண்டும். பிறகுதான் சுற்றிலும் உள்ளதை அந்தப் பள்ளத்தை நோக்கித் தள்ள முடியும். வாசல் இல்லாத பாறையில் எவ்வளவு மருந்து வைத்தாலும் பாதி வீண்.

வீடு ஆடுது சார்!

வீணாகிற பாதி எங்கே போகிறது? பக்கத்து வீட்டுக்கு!

உடைப்பதற்குச் செலவாகாத சக்தி தரை வழியே அதிர்வாகப் போகிறது. பாத்திரம் உருளுகிறது. சுவரில் மாட்டிய சாமி படம் ஆடுகிறது. "போன மாசம் இல்லாத விரிசல் இந்த மாசம் இருக்கே" என்று வீட்டுக்காரர் புலம்புகிறார்.

புலம்பல் எல்லாம் கற்பனை அல்ல. அதனால்தான் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குனரகம் 1997-ம் ஆண்டில் ஒரு வரம்பு வகுத்தது. தரை மெதுவாக ஆடுகிற அதிர்வாக இருந்தால் குடியிருப்பு வீடுகளில் அது வினாடிக்கு 5 மில்லி மீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. மெதுவாக ஆடுகிற அதிர்வுதான் வீட்டைச் சேர்த்து ஆட்டும். வேகமாகத் துடிக்கிற அதிர்வு வீட்டை அவ்வளவு அசைக்காது. ஆகவே அதற்குக் கொஞ்சம் கூடுதல் சலுகை.

அத்தனை குழிகளையும் ஒரே நேரத்தில் வெடித்தால் அதிர்வு ஒன்று சேர்ந்து பலமாகிவிடும். அதனால் ஆயிரத்தில் சில பங்கு வினாடி இடைவெளி விட்டு வரிசை வரிசையாக வெடிக்க வைக்கிறார்கள். காதுக்கு ஒரே சத்தம்தான். ஆனால் முதல் வரிசை விழுந்து இரண்டாம் வரிசைக்கு வாசல் திறந்து விடுகிறது. வீட்டுக்கும் அடி குறைகிறது. கல்லும் நன்றாக உடைகிறது.

உள்ளே போய்ப் பார்த்தவர்கள்

"இதெல்லாம் சரி. வெடித்த இடத்துக்குள் போய் யாராவது பார்த்தார்களா?" என்று கேட்பீர்கள்.

குவாரியில் அது நடக்காது. வெடித்த இடமே சிதறிப் போய்விடும். ஆனால் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் வெடித்தால், பாறை வெளியே சிதறாது. உடைந்தது உடைந்தபடி உள்ளே கிடக்கும். பிறகு சுரங்கம் தோண்டி உள்ளே போகலாம்.

அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அங்கே வெடித்தது தோட்டா அல்ல. அணு குண்டு!

அமெரிக்காவில் நெவாடா பாலைவனம். ரெய்னியர் என்ற மேட்டு மலை. 1957-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந்தேதி அந்த மலைக்கு உள்ளே, சுமார் 900 அடிப் பாறைக்குக் கீழே ஓர் அணு குண்டை வெடித்தார்கள். ஆயிரத்து 700 டன் வெடிமருந்துக்குச் சமமான குண்டு. முழுக்க முழுக்கப் பூமிக்குள் அடைத்து வெடித்த முதல் சோதனை அதுதான்.

மலை ஒரு தடவை திமிறியது. அவ்வளவுதான். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்துச் சுரங்கம் தோண்டிக்கொண்டு உள்ளே போனார்கள். பாறை இன்னும் சுட்டது! வெடித்த இடத்தில் பாறை ஆவியாகி, அதைச் சுற்றி உள்ளது உருகி, 100 அடிக்கு மேல் குறுக்களவு உள்ள ஒரு குகை உண்டாகி இருந்தது. உருகிய பாறை குகைச் சுவரில் வழிந்து கண்ணாடி போல் இறுகி இருந்தது. அந்தக் கண்ணாடி மட்டும் சுமார் 800 டன்.

குகையைச் சுற்றி மாவான பாறை. அதைச் சுற்றி விரிசல் விட்ட பாறை. அதற்கு அப்பால் ஒன்றும் ஆகாத பாறை. குவாரியில் ஒன்றேகால் அங்குலக் குழியைச் சுற்றி நடக்கும் அதே கதை, ராட்சத அளவில்!

ஒரே ஒரு வித்தியாசம். குகை அங்கே இல்லை. கூரை எப்போதோ இடிந்து விழுந்து இருந்தது. கூரை விழுந்த இடத்தில் அதற்கு மேல் உள்ள பாறை விழுந்து, அதற்கும் மேல் உள்ளது விழுந்து... இப்படியே ஏறத்தாழ 400 அடி உயரத்துக்கு உடைந்த கல் நிறைந்த ஒரு புகைக்கூண்டு எழும்பி இருந்தது.

பத்திரிகைக்காரர் பிடித்த பொய்

அந்த வெடியில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது.

இந்தச் சோதனையின் அதிர்வு 250 மைலுக்கு மேல் எங்கும் பதிவாகவில்லை என்று அமெரிக்க அணுசக்தி கமிஷன் 1958-ம் ஆண்டில் சொன்னது. அதை நம்பி இருந்தால், பூமிக்குள் குண்டு வெடிப்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்று ஆகி இருக்கும்.

சின்னதாக ஒரு வாரப் பத்திரிகை நடத்திக்கொண்டு இருந்த ஐ.எப்.ஸ்டோன் என்ற நிருபருக்குச் சந்தேகம் வந்தது. நில அதிர்வு நிலையங்களின் கணக்கைத் தேடிப் பிடித்தார். 2 ஆயிரம் மைலுக்கு அப்பால் அலாஸ்காவிலேயே பதிவாகி இருந்தது! கமிஷன் தன் அறிக்கையைத் திருத்த வேண்டி வந்தது.

மனுஷன் மறைத்ததைப் பாறை சொல்லி விட்டது.

1963-ம் ஆண்டில் வல்லரசுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. வானத்திலும் கடலிலும் விண்வெளியிலும் அணு சோதனைக்குத் தடை. பூமிக்கு அடியில் மட்டும் தடை இல்லை. அதன் பிறகு நெவாடா மண்ணுக்கு அடியில் வரிசையாக வெடித்தார்கள். 1992-ம் ஆண்டில் நிறுத்தும்போது அங்கே நிலத்தடிச் சோதனைகளின் எண்ணிக்கை 800-ஐத் தாண்டி இருந்தது.

வண்ணக் குகை

எல்லாப் பாறையும் ஒரே மாதிரி நடந்துகொள்வது இல்லை.

நியூமெக்சிகோ மாநிலத்தில் கார்ல்ஸ்பாட் என்ற ஊர்ப் பக்கம். 1961-ம் ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி, சுமார் ஆயிரத்து 200 அடி ஆழத்தில் உப்புப் பாறைக்குள் ஒரு குண்டை வெடித்தார்கள். "நோம்" என்று அதற்குப் பெயர்.

5 மாதம் கழித்து உள்ளே போனவர்கள் அசந்து போனார்கள். குகை இடியவில்லை! 170 அடி அகலத்துக்கு ஒரு மண்டபம் போல் நின்றது. சுவரில் உப்பு நீலமாக, பச்சையாக, ஊதாவாக மின்னியது. கதிர்வீச்சு பட்டு உப்பு நிறம் மாறி இருந்தது. உள்ளே அனல், சுமார் 60 டிகிரி.

உப்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும் ஜாதி. அதனால் கூரை தாங்கியது. கருங்கல் வளையாது. அது விரிசல் விடும். விரிசல் விட்ட கல் இன்று இல்லாவிட்டால் நாளை விழும்.

இந்த விரிசலில் காசு பண்ணவும் பார்த்தார்கள். அதே மாநிலத்தில் 1967-ம் ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி, 4 ஆயிரத்து 200 அடிக்கு மேல் ஆழத்தில் ஒரு குண்டை வெடித்துப் பாறையைப் பிளந்தார்கள். பாறைக்குள் சிக்கிக் கிடந்த எரிவாயு விரிசல் வழியாக வெளியே வரும் என்பது திட்டம். வாயு வந்தது. ஆனால் அதோடு கதிர்வீச்சும் வந்தது. எந்த வீட்டு அடுப்பில் அதைப் பற்ற வைப்பது? திட்டம் பிசுபிசுத்தது.

பூமி திறந்தது!

ஒரு கேள்வி எழும். பாறை இப்படி விரிசல் விட்டால், உள்ளே இருக்கிற விஷ வாயு எல்லாம் வெளியே வந்துவிடாதா?

பாறையே அதைத் தடுக்கிறது. வெடித்த வேகத்தில் குகை பெரிதாகும்போது சுற்றி உள்ள பாறை வெளியே தள்ளப்படுகிறது. பிறகு அது ரப்பர் போலத் திரும்பி வந்து குகையை இறுக்கிப் பிடிக்கிறது. விரிசல்கள் வாயை மூடிக்கொள்கின்றன. பாறை போடுகிற கிடுக்கிப்பிடி!

ஆனால் பிடிப்பதற்கு நல்ல பாறை இருக்க வேண்டுமே?

1970-ம் ஆண்டு டிசம்பர் 18-ந்தேதி காலை ஏழரை மணி. நெவாடாவில் "பேன்பெர்ரி" என்ற சோதனை. சுமார் 900 அடி ஆழம். 10 ஆயிரம் டன் சக்தி. வெடித்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது போல் இருந்தது. 1 நிமிடம் போயிற்று. 2 நிமிடம் போயிற்று. 3 நிமிடமும் போயிற்று.

மூன்றரை நிமிடத்தில் தரை பிளந்தது! பிளவு வழியாகப் புழுதியும் புகையும் பீறிட்டு ஆயிரக்கணக்கான அடி உயரத்துக்குப் போயின. கதிர்வீச்சு கலந்த மேகம். வேலைக்கு வந்து இருந்த 86 பேர் மீது அது படிந்தது.

காரணம் என்ன? குண்டு வைத்த இடத்தில் எதிர்பார்த்ததை விட அதிகமாகத் தண்ணீர் ஊறிய களிமண் இருந்து இருக்கிறது. ஈரக் களிமண் ரப்பர் போலத் திரும்பி வராது. கிடுக்கிப்பிடி விழவில்லை. வாயு வழி தேடிக்கொண்டது.

அன்று அங்கே இருந்தவர்களில் 2 பேர் 1974-ம் ஆண்டில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார்கள். குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். அதிகாரிகள் அலட்சியமாக இருந்தது உண்மை என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. ஆனால் நோய்க்கு அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டது.

3 மணி நேரம் கழித்து...

இதை விடப் பெரிய பாடம் 1984-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந்தேதி கிடைத்தது. அதே ரெய்னியர் மலை. மலைக்குள் ஒரு சோதனை. வெடித்தது. கதிர்வீச்சு வெளியே வரவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

வெடித்த இடத்துக்கு நேர் மேலே, மலை உச்சியில், கருவிகள் வைத்த வண்டிகள் நின்றன. ஆட்கள் அங்கே போய் வேலையைத் தொடங்கினார்கள்.

வெடித்து 3 மணி நேரம் ஆகி இருந்தது.

திடீர் என்று காலுக்குக் கீழே தரை இறங்கியது! உள்ளே குகைக் கூரை விழுந்து, புகைக்கூண்டு மேலே மேலே ஏறி, மலை உச்சி வரை வந்து சேர்ந்து இருக்கிறது. 10-க்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தனர். அவர்களில் ஒருவர் பிறகு இறந்து போனார்.

விஞ்ஞானிகளும் என்ஜினீயர்களும் நிறைந்த இடம் அது. கருவிகளுக்குப் பஞ்சம் இல்லை. அங்கேயே பாறை ஏமாற்றி விட்டது என்றால், கையில் கடப்பாரையோடு நிற்கிற கூலிக்காரர் எம்மாத்திரம்?

சென்னைக்காரர் போட்ட கணக்கு

நம் நாட்டிலும் இந்தச் சோதனை நடந்து இருக்கிறது. 1974-ம் ஆண்டு மே மாதம் 18-ந்தேதி, காலை 8 மணி 5 நிமிடம். ராஜஸ்தானில் பொக்ரான் பாலைவனம். 107 மீட்டர் ஆழம், அதாவது சுமார் 350 அடி.

ராஜா ராமண்ணா தலைமையில் இருந்த குழுவில் முக்கியமானவர் ஆர்.சிதம்பரம். சென்னையில் பிறந்தவர். மாநிலக் கல்லூரியில் படித்தவர். பயங்கர அழுத்தத்தில் ஒரு பொருள் எப்படிச் சுருங்கும், எப்படி விரியும் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 2025-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி காலமானார்.

பொக்ரானில் என்ன நடந்தது? மணல் தரை மேடாக எழும்பியது. பிறகு அமர்ந்தது. கடைசியில் ஒரு பெரிய பள்ளம் மிஞ்சியது. கேரம் காய் ஞாபகம் இருக்கிறதா? கீழே இருந்து வந்த அலைக்கு மேலே வெறும் வானம். கடைசிக் காய் தரைதான்!

1998-ம் ஆண்டு மே மாதம் 11-ந்தேதியும், 13-ந்தேதியும் அங்கே மறுபடி சோதனை நடந்தது. அப்போது அணுசக்தி கமிஷன் தலைவராக இருந்தவரும் சிதம்பரம்தான். அப்துல் கலாமும் களத்தில் இருந்தார். நாடே கொண்டாடியது.

ஆனால் சில கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள கேதோலாய் என்ற கிராமத்தில் வீட்டுச் சுவர்களில் விரிசல் விழுந்தது. தண்ணீர்த் தொட்டிகள் வெடித்தன. குவாரி ஓரத்து வீட்டுக்காரர் சொல்கிற அதே புகார்தான். வெடி பெரிசு, விரிசலும் பெரிசு!

தட்டிப் பார்

மறுபடி நம் குவாரிக்கு வருவோம். இங்கே 3 மணி நேரம் கழித்து மலை இறங்காது. ஆனால் ஆபத்தின் ஜாதி ஒன்றுதான்.

வெடித்து முடிந்த பிறகு எதிரே ஒரு பாறைச் சுவர் நிற்கிறது. விழுந்த கல்லை உடைத்த அதே விரிசல்கள் நிற்கிற கல்லுக்குள்ளும் ஓடி இருக்கின்றன. பார்க்க மலை போல் நிற்கும். ஒரு சின்ன அதிர்வு போதும். லாரி வந்து நின்றால் கூடப் போதும்.

அனுபவசாலிகள் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பார்கள். சந்தையில் பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அப்படி. "கணீர்" என்றால் நல்ல கல். "தொப்" என்று பொத்தலாகக் கேட்டால் உள்ளே விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். அதை முதலில் நெம்பித் தள்ளி விட்டுத்தான் கீழே வேலைக்கு ஆள் இறங்க வேண்டும். அவசரம் என்று இந்த வேலையைத் தள்ளி வைக்கும் இடத்தில்தான் உயிர் போகிறது.

இன்னோர் ஆபத்து, வெடிக்காமல் போன தோட்டா. பத்துக் குழிக்கு 9 சத்தம்தான் கேட்டது என்றால் பத்தாவது எங்கே? திரி மெதுவாகப் புகைந்துகொண்டு இருக்கலாம். கல் குவியலுக்கு அடியில் புதைந்து கிடக்கலாம். சம்மட்டி அதன் மேல் விழுந்தால் கதை முடிந்தது. எண்ணிப் பார்ப்பதும், காத்து இருப்பதும், தெரிந்தவரைக் கூப்பிடுவதும் கோழைத்தனம் அல்ல. வீட்டில் காத்து இருக்கிறவர்களை நினைப்பவன் செய்கிற காரியம்.

தண்ணீர்ப் பள்ளம்

பல்லாவரம் பக்கத்துப் பழைய குவாரிகளில் வெடிச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அங்கேயாவது பாறை அடங்கி விட்டதா?

இல்லை. வெடித்தபோது உண்டான விரிசல்கள் அப்படியே இருக்கின்றன. மழைத் தண்ணீர் அவற்றில் இறங்குகிறது. அரச மரமும் ஆல மரமும் அவற்றில் வேர் விடுகின்றன. ஒவ்வொரு மழைக்கும் விரிசல் கொஞ்சம் விரிகிறது.

இதில் நன்மையும் உண்டு. தமிழ்நாட்டில் முக்கால் பங்கு நிலத்துக்கு அடியில் கெட்டிப் பாறைதான். அங்கே கிணற்றில் ஊறுகிற தண்ணீர் எல்லாம் விரிசல் வழியே வருவதுதான். மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் குவாரிப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீரை 2017-ம் ஆண்டு வறட்சியில் சென்னைக்குக் குடிக்கக் கொண்டு வந்தார்கள். வெடி வைத்த பள்ளம் தாகம் தீர்த்தது!

ஆனால் அதே மாதிரிப் பள்ளங்களில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வராத செய்தியையும் இந்த நகரம் அடிக்கடி படிக்கிறது. குவாரிப் பள்ளம் குளம் அல்ல. குளத்துக்குக் கரை சரிவாக இருக்கும். குவாரிக்குச் சுவர் செங்குத்தாக இருக்கும். முதல் அடி முழங்கால், அடுத்த அடி அதல பாதாளம். பிடித்து ஏறலாம் என்று கை வைத்தால், அந்தக் கல்லே விரிசல் விட்ட கல்லாக இருக்கும்.

பொதுமக்கள் கவனத்துக்கு

* குவாரிக் கொடியும் விசிலும் விளையாட்டு அல்ல. "எல்லாம் முடிந்தது" என்று மறுபடி அறிவிக்கிற வரை, எவ்வளவு நேரம் ஆனாலும் கிட்டே போகாதீர்கள்.

* பழைய குவாரியில் ஒயர் துண்டோ, சின்ன உலோகக் குழாயோ, காகிதம் சுற்றிய குச்சியோ கிடந்தால் தொட வேண்டாம். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். போலீசுக்குத் தகவல் கொடுங்கள்.

* அருகில் வெடி வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், முன்கூட்டியே வீட்டுச் சுவர்களைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். பிறகு புதிய விரிசல் விழுந்தால் புகாருக்கு அதுதான் சாட்சி.

* லீவு நாளில் பிள்ளைகள் துண்டோடு கிளம்பினால் எங்கே போகிறார்கள் என்று கேளுங்கள்.

வெடியின் சத்தம் ஒரு வினாடி. பாறைக்குள் விழுந்த விரிசலுக்கு வயதே கிடையாது. பரங்கிமலைப் பக்கம் ரெயிலில் போகும்போது அந்த அறுபட்ட மலைகளை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். சும்மா நிற்பது போல்தான் தெரியும்!